ஹெலி வந்த நாட்களில் அழிந்த பெயர்கள்

ஆமியின் ஹெலிகொப்டர் வந்த நாட்களில் பெயர்கள் அழிந்தன. வராத நாட்களில் அழியவில்லை.

இதை நான் பயத்தில் கற்பனை செய்யவில்லை. கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். 1987 பெப்ரவரி ஐந்து: நாற்பது பெயர் அடித்தேன், ஹெலி இல்லை, பெயர்கள் இருக்கின்றன. ஒன்பது: முப்பத்தெட்டுப் பெயர், ஹெலி வந்தது, பெயர்கள் இல்லை. பன்னிரண்டு: நாற்பத்தைந்து, ஹெலி இல்லை, இருக்கின்றன. பதினாறு: நாற்பத்திரண்டு, ஹெலி வந்தது, இல்லை.

இல்லை என்றால், கோப்பின் பெயர் மட்டும் திரையில் வரும். அதற்குப் பக்கத்தில் எத்தனை எழுத்து இருக்கிறது என்று காட்டும் இடத்தில் ஒரு பூச்சியம் நிற்கும்.

அரியாலையில், ஒரு தேவாலயத்தின் பின்புறம், முன்பு பாய்களும் ஆட்கள் இருக்கும் வாங்குகளும் போட்டு வைத்திருந்த அறைதான் எங்கள் குருதிக் கொடையாளர் சங்கம். எந்த ஆசுபத்திரியிலிருந்தாவது இன்ன வகை இரத்தம் தேவை என்று செய்தி வந்தால், நான் கொம்பியூட்டரில் தேடி, அந்த வகை உள்ள ஆட்களில் கிட்ட இருப்பவர் யார் என்று சொல்வேன். யாராவது சைக்கிளில் போய் அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். தொள்ளாயிரத்துச் சொச்சம் பெயர்கள் இருந்தன.

அந்தப் பெயர்கள் கடதாசியில் இல்லை. முதலில் இருந்தன. தொள்ளாயிரம் இளம் ஆட்களின் பெயரும் விலாசமும் உள்ள ஒரு கட்டு ஆமியின் கையில் அகப்பட்டால், அதை இரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் என்று அவர்கள் வாசிக்க மாட்டார்கள். ஆகையால் ஒரு படிவத்தை அடித்து முடித்ததும் அதை அடுப்பில் போட்டுவிடுவது சங்கத்தின் வழக்கம். பெயர்கள் பிளொப்பித் தட்டில் மட்டும் இருந்தன. பிளொப்பியை ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் வைத்துக்கொண்டு, நிலத்துக்குக் கீழே வெட்டிய பங்கருக்குள் ஓடலாம்.

ஹெலிச் சத்தம் கேட்டால் நான் செய்ய வேண்டியதை இரண்டு வருடமாகச் செய்து பழகியிருந்தேன். எஸ்கேப் விசையை அமர்த்தி வேலையை முடிப்பது. பெயர்த் தட்டை இழுத்து எடுப்பது. அந்த இடத்தில் தேவாலயப் பாடகர் குழுவின் பாட்டுகள் உள்ள தட்டைப் போடுவது. கொன்ட்ரோலையும் C எழுத்தையும் சேர்த்து அமர்த்துவது. ரின்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. ஆமி உள்ளே வந்து தட்டில் உள்ளதைத் திறந்து பார்த்தால் கீர்த்தனைகளின் முதலடிகள்தான் தெரியும்.

கொன்ட்ரோலும் C-யும் ஏன் என்று சொல்ல வேண்டும். எங்கள் பழைய கொம்பியூட்டர் சீ.பி.எம். என்ற முறையில் ஓடியது. அது ஒரு தட்டை முதல் தடவை பார்க்கும்போது, எந்த இடம் நிரம்பியிருக்கிறது, எந்த இடம் வெறுமை என்பதை மனதில் பதித்துக்கொள்ளும். நாங்கள் தட்டை மாற்றினாலும் பழைய நினைவோடேயே இருக்கும். புதுத் தட்டில் எழுதச் சொன்னால் பிழை என்று சொல்லி மறுக்கும். அந்த இரண்டு விசையையும் சேர்த்து அமர்த்தினால்தான் முன்பு பார்த்ததை மறந்து, இப்போது இருக்கும் தட்டைப் புதிதாகப் பார்க்கும். மறக்கச் செய்யும் விசை அது. எனக்கு அது கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது போல. அமர்த்தினால்தான் நெஞ்சு கொஞ்சம் ஆறும்.

ஜனவரியில் புதுக் கொம்பியூட்டர் வந்தது. கொழும்பில் ஒரு சபை அன்பளிப்பாகக் கொடுத்தது. இது டொஸ் என்ற முறையில் ஓடுவது. பழையதன் திரை நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வந்ததால், பெயர்களைப் புதியதற்கு மாற்ற வேண்டியதாகிவிட்டது.

பழைய தட்டைப் புதியதில் போட்டால் வாசிக்கவில்லை. ஒரே அளவான கொப்பியில் ஒருவர் பதினாறு கோடும் மற்றவர் ஒன்பது கோடும் அடித்து எழுதியது போல, இரண்டும் தட்டை வெவ்வேறு விதமாகப் பங்கு பிரித்திருந்தன. இரண்டு பெட்டியையும் இணைக்கும் வயர் ஒன்றுக்குக் கொழும்புக்குச் சொல்லியிருந்தோம், தடைமுகாமில் நின்றுவிட்டது. ஆகவே பழைய திரையில் பார்த்துப் பார்த்துப் புதியதில் அடித்தேன். ஒவ்வொரு வகையையும் தனித்தனிக் கோப்பாக.

புதியது அடிக்கடி என்னை ஏமாற்றியது. பழையதில் ஒரு கோப்பைப் பிரதி எடுக்க, எங்கே போக வேண்டும் என்பதை முதலில் சொல்லி, எங்கிருந்து என்பதைப் பிறகு சொல்ல வேண்டும். புதியதில் எல்லாம் மறுவளம். முதல் கிழமையே ஒரு வெறும் கோப்பை நிறைந்த கோப்பின் மேல் பிரதி எடுத்து, அழுதுகொண்டு இருபது பெயரைத் திரும்ப அடித்தேன். ஆனால் வேலைக்குக் காத்திருக்கும்போது இரண்டு பெட்டிகளும் ஒரே மாதிரி A என்ற எழுத்தையும் அதன் பக்கத்தில் ஒரு கூர் முனையையும் காட்டிக்கொண்டு நிற்கும். முகம் ஒன்று, குணம் வேறு.

பெயர்கள் இரண்டாம் தரம் அழிந்த அன்று மார்க்கண்டண்ணை வந்தார். ரேடியோவும் ரீவியும் திருத்துகிறவர். எங்கள் இரண்டு பெட்டிகளுக்கும் அவர்தான் வைத்தியர்.

"என்ன பிள்ளை, பேந்தும் போட்டுதோ?"

"ஓம் அண்ணை. பூச்சியம்."

"ஹெலி வந்ததோ?"

"வந்தது."

அவர் மீசையைத் தடவினார். "அப்ப உது ஹெலியின்ரை வேலைதான். அவங்கள் மேலை நிண்டு ரேடியோவிலை கதைக்கிறாங்கள். அந்த அலை உந்தத் தட்டிலை பட்டால் எல்லாம் துடைச்சுப் போடும். தட்டு காந்தந்தானே."

"பழையதிலை ஒருநாளும் அழியேல்லையே அண்ணை. ரெண்டு வரியமாய் ஹெலி வந்துகொண்டுதானே இருக்கு."

"பழையது முரட்டுச் சாமான். இது நோஞ்சான்."

அடுத்த நாள் இரண்டு பெரிய மா ரின்களை வெட்டி விரித்து, புதுப் பெட்டியைச் சுற்றித் தகரக் கூடு ஒன்று அடித்துத் தந்தார். திரைக்கு மட்டும் ஒரு சன்னல். உள்ளே கையை விட்டு அடிக்க வேண்டும். விரலுக்கு இரண்டு இடத்தில் வெட்டு.

சங்கத்தின் செயலாளர் கிருபைரட்ணம் மாஸ்ரர் அதைப் பார்த்துவிட்டு, "இதென்ன, கோழிக்கூடோ?" என்று கேட்டார்.

"முட்டை இடாமல் இருந்தால் சரி மாஸ்ரர்" என்றார் மார்க்கண்டண்ணை. "ஒவ்வொரு முறையும் முட்டைதானே வருது."

மாஸ்ரர் சிரிக்கவில்லை. மார்க்கண்டண்ணை போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகக் கேட்டார். "ஐரிஸ், நாங்கள் பங்கருக்குள்ளை இருக்கிற நேரம் வேறை ஆரும் இந்த அறைக்குள்ளை வாறவையோ?"

அன்றுதான் என் பயம் இடம் மாறியது. அதுவரை வானத்தைப் பார்த்துப் பயந்தேன். அதன் பிறகு சன்னலையும் பார்க்கத் தொடங்கினேன். யாராவது வந்து பெயர்களைப் பிரதி எடுத்துக்கொண்டு அழித்துவிட்டுப் போகிறானா? தட்டுத்தான் என்னோடு ரின்னுக்குள் இருக்கிறதே? அப்படியென்றால் எப்படி? விடை இல்லாத இடத்தில் பயம் நன்றாக வளர்கிறது.

அழிந்த முப்பத்தெட்டையும் நாற்பத்திரண்டையும் பழைய திரையில் பார்த்துத் திரும்ப அடித்தேன். மார்ச் நான்காம் திகதி கடைசி வகைக்கு வந்தேன். ஓ நெகட்டிவ். எங்களிடம் முப்பத்தொரு பேர்தான். மிகக் குறைவு என்பதால் கடைசிக்கு விட்டிருந்தேன். அதுதான் நான் செய்த பிழை.

முப்பத்தொன்றையும் அடித்து முடிக்கக் கடற்பக்கமாக அந்தச் சத்தம் வந்தது. எஸ்கேப். தட்டு. பாட்டுத் தட்டு. விசை. ரின். ஓட்டம். பங்கருக்குள் மாஸ்ரர் முழங்காலில் நின்று வாயசைத்துக்கொண்டிருந்தார். தாழப் பறந்து சுட்டார்கள். எங்கேயோ ஓடுகள் நொறுங்கின. மின்சாரம் போய்விட்டு, ஒரு பெரிய அடியாகத் திரும்ப வந்தது.

மேலே வந்து பார்த்தால் பழைய பெட்டியிலிருந்து புகை. எரிந்த ரப்பர் மணம். புதியதில் தட்டைப் போட்டுப் பார்த்தேன். ஓ நெகட்டிவ், பூச்சியம்.

மார்க்கண்டண்ணை பழையதைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடினார். "இதுக்குச் சாமான் கொழும்பிலையும் இல்லைப் பிள்ளை. வெளியிலையிருந்து வரவேணும்." பழைய தட்டு இருந்தது, அதை வாசிக்கப் பெட்டி இல்லை.

என் தங்கை மனோன்மணிக்கு ஓ நெகட்டிவ். முதல் பிள்ளை பிறந்தபோது இரத்தம் நிற்காமல் போய், மூன்று பேருடைய இரத்தம் ஏற்றித்தான் தப்பினாள். இப்போது இரண்டாவது. மார்ச் இருபதை ஒட்டிப் பிறக்கும் என்று கணக்கு. இந்த முறை இரண்டு பேரைப் பக்கத்திலேயே வைத்திருங்கள், ஆசுபத்திரியில் அந்த வகை ஒரு போத்தலும் இல்லை என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

நான் அவளிடம் போனபோது அவள் முற்றத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆரைப் பிடிச்சு வைச்சிருக்கிறாய் எனக்கு?" என்று சிரித்தாள். "நல்ல பொடியனாய்ப் பார். முதல் முறை ஏத்தினது ஆரோ குடிகாரன்ரை இரத்தம். ரெண்டு நாள் தலையிடி."

"பாத்துக்கொண்டிருக்கிறன்" என்றேன்.

"அக்கா, முகம் ஏன் உப்பிடி?"

"வெயில்."

முப்பத்தொரு பேரில் என் நினைவில் இருந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் கனடாவுக்குப் போய்விட்டார். ஒருவரை நவம்பரில் ஆமியின் சென்றிக் காவலரணில் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்றாவது, நமசிவாயம், கொடிகாமம். கொடிகாமத்தில் எத்தனை நமசிவாயம் இருப்பார்கள்? வீட்டுக்கு வீடு போய், உங்களுக்கு என்ன இரத்தம் என்று கேட்க முடியுமா? பெரும்பாலானவர்களுக்குத் தங்கள் வகையே தெரியாது.

பதினேழாம் திகதி காலை. வேறு ஒன்றும் செய்ய இல்லாததால் கொப்பியைத் திரும்ப வாசித்தேன். ஒவ்வொரு நாளும் கோப்புகளின் பட்டியலை எடுத்துப் பார்க்கும்போது, தட்டில் இன்னும் எவ்வளவு இடம் வெறுமையாக இருக்கிறது என்று கடைசி வரியில் புதுப் பெட்டி சொல்லும். அதையும் எழுதி வைத்திருந்தேன். ஏன் எழுதினேன் என்றால், அந்த எண் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டு போவதைப் பார்க்க எனக்கு ஆசை. வேறு காரணம் இல்லை.

மார்ச் நான்கு, காலை: 241,664. மார்ச் நான்கு, ஹெலி போன பிறகு: 237,568.

கழித்துப் பார்த்தேன். 4,096.

ஒரு பெயருக்கு 128 எழுத்து என்பது எங்கள் அளவு. முப்பத்தொரு பெயருக்கு 3,968. புதுப் பெட்டி இடத்தை 1,024 எழுத்துள்ள பெட்டகம் பெட்டகமாகத்தான் கொடுக்கும், பாதி கொடுக்காது. மூன்று பெட்டகம் போதாது. நான்கு வேண்டும். நான்கு பெட்டகம் 4,096.

கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். பெயர்கள் அழிந்திருந்தால் அந்த இடம் திரும்ப வெறுமையாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. யாரோ அந்த நான்கு பெட்டகத்துக்குள் இன்னும் இருக்கிறார்கள். பெப்ரவரி ஒன்பதைப் பார்த்தேன். அன்று ஐந்து பெட்டகம் குறைந்திருந்தது. பதினாறு, ஆறு பெட்டகம். எல்லாம் சரியாகப் பொருந்தின. பெயர்கள் தட்டில் இருக்கின்றன. அவை எங்கே தொடங்குகின்றன, எவ்வளவு நீளம் என்று அட்டவணையில் எழுதப்படவில்லை. அவ்வளவுதான். ஹெலியின் ரேடியோ அலை அழிக்கவும் இல்லை, கள்ளன் வரவும் இல்லை. அலை அழித்தால் இவ்வளவு நேர்த்தியாக அழிக்குமா?

புதுப் பெட்டியோடு வந்த தடித்த புத்தகத்தை எடுத்தேன். அதில் செக்டிஸ்க் என்ற கட்டளைக்கு இரண்டு பக்கம் இருந்தது. அட்டவணையில் இல்லாத, ஆனால் நிரம்பியிருக்கிற பெட்டகங்களை அது தேடிப் பிடித்து, ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒரு பெயர் சூட்டிக் கோப்பாக்கும் என்று எழுதியிருந்தது. ஒரு சாய்கோடும் F எழுத்தும் சேர்த்துக் கொடுத்தால்தான் உண்மையாகத் திருத்தும், இல்லாவிட்டால் சும்மா சொல்லிவிட்டுப் போகும்.

அடித்தேன். தட்டின் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே கிர்ர் என்று ஒரு சத்தம். பிறகு திரையில் வந்தது: பதினைந்து பெட்டகங்கள் தொலைந்திருக்கின்றன, மூன்று சங்கிலிகளாக.

ஐந்தும் ஆறும் நான்கும் பதினைந்து. மூன்று சங்கிலி. மூன்று ஹெலி.

அடுத்த வரியில் கேள்வி: இவற்றைக் கோப்புகளாக்கவா? ஓம் என்றால் Y.

அந்த நேரத்தில்தான் கடற்பக்கமாகச் சத்தம் கேட்டது.

"ஐரிஸ்!" மாஸ்ரர் வெளியிலிருந்து கத்தினார். "ஹெலி! கெதியாய் வா!"

நான் யோசிக்கவில்லை. யோசிக்காமலே என் வலது கை தகரக் கூட்டுக்குள் போய்த் தட்டை இழுத்து எடுத்துவிட்டது. பாட்டுத் தட்டு உள்ளே போய்விட்டது. இடது கையின் சின்ன விரல் கொன்ட்ரோலின் மேல், சுட்டு விரல் C-யின் மேல்.

தகரத்தின் விளிம்பு மணிக்கட்டைக் கீறியது. அந்த நோவில்தான் குனிந்து என் கையைப் பார்த்தேன்.

என் கையை நான் அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறேன். இரண்டு வருடமாக அது தானாகச் செய்ததை நான் பார்த்ததே இல்லை. ஹெலி வரும்போது யார் விரலைப் பார்ப்பார்கள்? திரையில் கேள்வி அப்படியே நின்றது. பதில் இல்லாமல். பெயர் அடிக்கும் வேலையிலும் இதே போல ஒரு கேள்வி வரும். எஸ்கேப்பை அமர்த்தினால், முடிக்கவா, ஓம் என்றால் Y என்று புதியது கேட்கும். பழையது ஒருநாளும் கேட்டதில்லை. அமைதியான நாட்களில் நான் அதை வாசித்து Y அமர்த்துவேன். ஹெலி வந்த நாட்களில் திரையைப் பார்க்கவே மாட்டேன்.

பழையதில் கொன்ட்ரோலும் C-யும் மறக்கச் செய்யும் விசை. புதியதில் வேலையை இடையில் முறிக்கும் விசை. முறிந்த பிறகும் அதே A எழுத்தும் அதே கூர் முனையும் வந்து நிற்கும். நான் அதைப் பார்த்து, எல்லாம் முடிந்தது என்று நினைத்து ஓடியிருக்கிறேன். பெயர்கள் தட்டில் இறங்கியிருக்கும். Y வந்த பிறகு எழுத வேண்டிய அட்டவணை மட்டும் எழுதப்படாமல் போயிருக்கும்.

"ஐரிஸ்! விசரே உனக்கு?"

"வாறன் மாஸ்ரர்!"

சத்தம் கூரைக்கு மேல் வந்துவிட்டது. சன்னல் கண்ணாடி நடுங்கியது. விரல்கள் அந்த இரண்டு விசையையும் விட்டு எழும்ப மறுத்தன. பயத்தில் பழகிய கைக்கு அறிவு சொன்னால் விளங்காது. ஒவ்வொரு விரலாகத் தூக்கினேன். பாட்டுத் தட்டை எடுத்தேன். பெயர்த் தட்டைத் திரும்பப் போட்டேன். தட்டை இறுக்கும் நெம்பைத் திருப்பினேன். Y.

சிவப்பு விளக்கு எரிந்தது. வெளியே சுடத் தொடங்கினார்கள். மேசைக்குக் கீழே போய் இருந்துகொண்டு, தகரக் கூட்டின் ஓட்டையால் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தலைக்கு மேல் ஓடு ஒன்று வெடித்து, தூள் கழுத்துக்குள் விழுந்தது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. மனோ, மனோ, மனோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். செபம் சொன்னேனா என்று நினைவில்லை.

விளக்கு அணைந்தது. தட்டை எடுத்தேன். ரின்னோடு ஓடினேன்.

பங்கருக்குள் மாஸ்ரர் என்னை அடிக்காத குறை. "தட்டுப் போனால் போகட்டும், நீ போனால் கொம்மாவுக்கு நான் என்ன சொல்லுறது?"

"பெயரெல்லாம் இருக்கு மாஸ்ரர்" என்றேன். ஹெலிச் சத்தத்தில் அவருக்கு விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன்.

அரை மணி நேரம் கழித்து மேலே போய்த் தட்டைப் போட்டோம். முன்பு இல்லாத மூன்று கோப்புகள், பெயருக்குப் பதிலாக எண்களோடு. மூன்றாவதைத் திறந்தேன். முதல் வரி, ஒரு சூசைதாசன், நாவாந்துறை. ஒன்பதாவது வரி, நமசிவாயம், கொடிகாமம், சந்தையில் மரக்கறிக் கடை, தெற்கு வரிசை. முப்பத்தொரு பேரும் இருந்தார்கள். செய்தி கேட்டு வந்த மார்க்கண்டண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப என்ரை கோழிக்கூடு?" என்றார்.

"அது கையைக் கீறாட்டில் எனக்கு விளங்கியிராது அண்ணை" என்றேன். அவருக்கு அது போதுமாயிருந்தது.

மாஸ்ரர் அன்றே சைக்கிளில் கொடிகாமத்துக்குப் போனார். பெற்றோல் இல்லாத காலம். பத்தொன்பதாம் திகதி மத்தியானம் மனோன்மணிக்கு நோவு கண்டது. நமசிவாயம் கத்தரிக்காய்ச் சாக்கோடு ஆசுபத்திரி வாங்கில் இருந்தார். கடை பூட்டிவிட்டு வர நேரமில்லை, சாக்கோடு வந்துவிட்டேன் என்றார். நாங்கள் சொல்லி அனுப்பியிருந்த சூசைதாசன் அவருக்குப் பிறகு வந்தார். இரண்டு பேருடைய இரத்தமும் தேவைப்பட்டது. பெண் பிள்ளை. கண் விழித்ததும் மனோன்மணி, "இவர் குடிக்கிறவரோ?" என்று மெல்லிய குரலில் கேட்டாள்.

தகரக் கூட்டைக் கழற்றவில்லை. அதன் நெற்றியில் ஒரு கடதாசி ஒட்டினேன். அடுப்பில் போடத் தேவையில்லாத கடதாசி அது, அதில் யாருடைய பெயரும் இல்லை:

ஹெலி வந்தால் எஸ்கேப்பை அமர்த்து. கேள்வியை வாசி. Y அமர்த்து. சிவப்பு விளக்கு அணையும் மட்டும் நில். பிறகு தட்டை எடு. கொன்ட்ரோலையும் C-யையும் தொடாதே.